உள்ளேயிருந்து மூன்று தட்டு

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது எனக்கு. நான் நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். நைட் டியூட்டியில் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவள். "சிஸ்டர், அந்த மூலைல யாரோ நிக்கறாங்க" என்று யாராவது நோயாளி அலறினால், "ஊசி போட்டுக்க வந்திருப்பாங்க, வரிசைல நிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். பேய் கீய் என்று என்னிடம் யாரும் கதை விட முடியாது. போன மே மாதம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

என் பெயர் அருள்செல்வி. எனக்கு ஒரே மகள், ஷைலா. அவள் பள்ளிக்கூடம் சேரும் முன்பே அவள் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான், அவ்வளவுதான் குடும்பம்.

அந்த மே மாதத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், இதே சீசனில், ஷைலா கோயமுத்தூருக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போனாள். மத்தியானம் முடிந்துவிடும் என்று சொன்னவர்கள் பொழுது சாயும் வரைக்கும் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் கிளம்பினால் பொள்ளாச்சியில் மலை ஏற பஸ் கிடைக்காது. அதனால் காந்திபுரத்தில் ரூம் பார்த்துத் தங்கிவிட்டுக் காலையில் வா என்று நான்தான் சொன்னேன். சொல்வது சுலபம். ஊட்டி சீசனில் காந்திபுரத்தில் ரூம் பார்ப்பது என்றால் என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கேரளாக் கூட்டம், பெங்களூர்க் கூட்டம், காலையில் ஊட்டிக்கு வேன் பிடிக்கிற கூட்டம் எல்லாம் அங்கேதான் இறங்கும். அப்படியே ரூம் காலி இருந்தாலும் தனியாக வருகிற பெண்ணுக்குத் தர மாட்டார்கள். தனியாக வருகிறவள் ரூமுக்குள் எதையாவது பண்ணிக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று பயம். குடும்பத்தோடு வந்தால் வாங்க வாங்க. ஒற்றையாக வந்தால் ஏதோ திருட வந்தவளைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

ஒவ்வொரு லாட்ஜ் படியாக ஏறி இறங்கிவிட்டு எனக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசிப் போன் பத்து நாற்பதுக்கு வந்தது. அந்தப் பேச்சு எனக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம்.

"அம்மா, ஒரு எடம் கெடச்சிருச்சு."

"சாப்பிட்டியா?"

"புரோட்டா சாப்ட்டேம்மா."

"கதவுல தாப்பா இருக்கா?"

"ரெண்டு இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"சேரையும் இழுத்துப் போட்டுக்கோ."

"போட்டாச்சு, போட்டாச்சு." சிரித்தாள். "நீ தூங்கும்மா. காலைல மொத பஸ்ல வந்துடறேன்."

நான் தூங்கினேன்.

விடிவதற்கு முன்னால், நாலரை மணி சுமாருக்கு, காந்திபுரத்தில் ரோட்டைக் கடக்கும்போது ஏதோ ஒரு வண்டி அவளை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது. எந்த லாட்ஜிலும் அவள் பெயர் இல்லை. விசாரித்த போலீஸ்காரர் நல்ல மனுஷன்தான். எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலதான் உக்காந்திருந்திருக்கணும்மா. நீங்க பயந்துக்குவீங்கன்னு ரூம் கெடச்சுதுன்னு சொல்லியிருக்குது புள்ள."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்த ஒரு பேச்சு என்னைக் கொன்றுபோட்டது. என் பிள்ளை செத்ததை நான் ஏற்றுக்கொண்டாலும் கொண்டேன், இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவளுடைய கடைசி ராத்திரியில் அவளுக்குப் படுக்க ஒரு கட்டில் கிடைத்ததா? கதவைச் சாத்திக்கொண்டு, காலை நீட்டிப் படுத்தாளா? இல்லை, பெஞ்சில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போகிற வருகிற ஆண்களையெல்லாம் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளா? எனக்கு இது மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது. வேறு எந்த நியாயமும் நான் கேட்கவில்லை.

முதல் வருஷ நினைவு நாளுக்குப் போய், போட்டோவைக் காட்டி லாட்ஜ் லாட்ஜாகக் கேட்டேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இப்படி ஒரு பெண் இங்கே வரவே இல்லை.

இரண்டாம் வருஷம் வேறு மாதிரி யோசித்தேன். கேட்டால்தானே பொய் சொல்வார்கள்? கேட்க வேண்டாம். அவள் தேடிய அதே நேரத்துக்கு, அவளை மாதிரியே கையில் ஒரு பையோடு, தனியாகப் போய் ரூம் கேட்போம். யார் எனக்குக் கொடுக்கிறார்களோ, அவர்கள்தான் அவளுக்கும் கொடுத்திருப்பார்கள். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எது பைத்தியம், எது புத்தி என்று யார் சொல்வது?

இங்கே எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றித் தேயிலை, அதை விட்டால் காடு. சிறுத்தை வரும், கரடி வரும், சில நாள் யானையே வாசலில் நிற்கும். அதனால் இருட்டில் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தால் எங்கள் வரிசையில் யாரும் கதவைச் சட்டென்று திறக்க மாட்டோம். முதலில் உள்ளேயிருந்து கதவை மூன்று தட்டுத் தட்டுவோம். வெளியே ஏதாவது படுத்திருந்தால் எழுந்து போகட்டும் என்று. தட்டிவிட்டுக் கதவோரமே நிற்போம். வீட்டில் இன்னொரு ஆள் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வா" என்று சொல்ல வேண்டும். "வா" என்றால் வெளியே ஒன்றும் இல்லை, திறக்கலாம் என்று அர்த்தம். ஏதாவது நின்றால் "இரு, இன்னும் போகல" என்று சொல்ல வேண்டும். ஷைலாவுக்கு டார்ச் அடிக்கிறவள் நான். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அவளுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. உள்ளேயிருந்து தட்டிவிட்டுக் கதவைத் திறக்கிற பெண் என்று கூட இருந்த பிள்ளைகள் கேலி பண்ணினார்களாம்.

அந்த மே மாதம், ஒன்பது மணிக்குக் காந்திபுரத்தில் இறங்கினேன். கிராஸ்கட் ரோட்டில் கூட்டம் முண்டியடித்தது. நான் அவள் கண்ணால் ஒவ்வொரு லாட்ஜாகப் பார்த்தேன். தங்குகிற இடத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். போர்டில் எத்தனை பல்ப் எரிகிறது என்று பார்க்காதே, பால்கனியில் குழந்தைத் துணி காய்கிறதா பார். வரவேற்பில் உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறானா பார். பொம்பளை யாராவது வேலை செய்கிறார்களா பார். எல்லாம் வக்கணையாகச் சொல்லியிருந்தேன். அவர்கள் ரூம் கொடுத்தால்தானே இதெல்லாம்!

முதல் இடத்தில் கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய பையன். "ஃபேமிலி எங்கீங்க மேடம்?" என்றான். வரவில்லை என்றேன். "ஃபுல்லுங்க மேடம்." என் பின்னாலேயே ஒரு ஜோடி வந்தது. அவர்களுக்குச் சாவி கிடைத்தது. அடுத்த இடத்தில் ஆன்லைனில் புக் பண்ணிவிட்டு வரச் சொன்னார்கள். அங்கேயே நின்று புக் பண்ணினேன். "சிங்கிள் லேடியா? அப்ப கேன்சல் பண்ணிக்குங்க" என்றார்கள். இன்னொரு இடத்தில் ஒரு பெரியவர் நல்ல மாதிரியாகவே பேசினார். "ஏனுங்க, உங்கள மாதிரி வயசானவிங்களுக்குத் தரலாமுங்க. ஆனா மொதலாளி தோலை உரிச்சுப்போடுவாருங்க." எனக்கு நாற்பத்தெட்டுதான். வேறு நாளாக இருந்தால் அவரை ஒரு கை பார்த்திருப்பேன்.

கால் வலித்தது. அவளுக்கும் இப்படித்தானே வலித்திருக்கும் என்று நினைத்தபோது, நடுத் தெருவில், பஞ்சுமிட்டாய்க்காரனுக்குப் பக்கத்தில் நின்று அழுதுவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி பத்து இருக்கும். மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில், மாடி பால்கனியில் ஒரு குழந்தை ஜட்டி காய்ந்துகொண்டிருந்தது. லாட்ஜின் பெயரை எழுத மாட்டேன். அவர்களும் பிழைக்க வேண்டும். வரவேற்பில் முக்காடு போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். பின்னால் சுவரில் கணவர் படம் மாதிரி ஒன்று. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

"ரூம் வேணுமுங்க. தனியாத்தான் வந்திருக்கேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் ஆதார் கார்டை வாங்கினார். "வால்பாறைங்களா..." என்று மட்டும் சொன்னார்.

"மாடில ஒம்பதாம் நம்பர் இருக்குதுங்க. பக்கத்து ரூமு பூட்டிக் கெடக்கும். அதைக் கண்டுக்காதீங்க அம்மணி."

அவரே சாவியும் போர்வையும் எடுத்துக்கொண்டு முன்னால் படி ஏறினார். வராந்தாக் கடைசியில் பத்தாம் நம்பர். வெளியே பெரிய பூட்டு. பூட்டிக் கிடக்கிற ரூம் என்றால் பூட்டு துருப்பிடித்திருக்க வேண்டும். இது தினமும் கை படுகிற பூட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் தரையும் சுத்தமாகக் கூட்டியிருந்தது. என்னமோ, எனக்கு என்ன என்று ஒன்பதுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன்.

கதவில் இரண்டு தாழ்ப்பாள் இருந்தது.

மேலே ஒன்று. கீழே ஒன்று.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ லாட்ஜில் இரண்டு தாழ்ப்பாள் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிர் ரூமில் ஒரு கேரளாக் குடும்பம் காலையில் ஊட்டிக்குப் போகிற சந்தோஷத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. கீழே பிரியாணிக் கடையில் புரோட்டாக் கல்லைச் சுரண்டுகிற சத்தம். பயப்பட ஒன்றுமில்லை.

பத்து இருபது. தைல வாசனை வந்தது. நீலகிரித் தைலம். ஷைலாவுக்குத் தலை வலித்தால் நெற்றியில் அதைத்தான் தேய்ப்பாள். சீசனில் ஊட்டி போய்வந்தவன் எவனாவது பாட்டிலைத் திறந்திருப்பான் என்று நினைத்தேன்.

பத்து முப்பது. பக்கத்து ரூமில் நாற்காலி இழுக்கும் சத்தம்.

கிரீ...ச்.

எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன். பத்தாம் நம்பரில் பூட்டு அப்படியே தொங்கியது. கதவுக்கு அடியில் வெளிச்சம் இல்லை. ஆனால் காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஃபேன் ஓடியது.

டக்... டக்... டக்...

வெளியே பூட்டிய ரூம். இருட்டு. உள்ளே ஃபேன் மட்டும் ஓடுகிறது. சுவிட்சை அணைக்க மறந்திருப்பார்கள் என்று என் ரூமுக்குத் திரும்பி வந்தேன். இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன். எலி ஓடினாலே நாற்காலி நகரும் என்று சொல்லிக்கொண்டேன். நானே நம்பவில்லை.

எதிர் ரூம் அடங்கிவிட்டது. கீழே கடையும் அடங்கிவிட்டது. அந்தத் தெருவில் அவ்வளவு சீக்கிரம் எதுவும் அடங்காது. அன்றைக்கு அடங்கியது.

போனில் மணி பார்த்தேன். பத்து நாற்பது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அம்மா... ஒரு எடம் கெடச்சிருச்சு."

அவள் குரல். அதே களைப்பு. அதே பொய்ச் சிரிப்பு. சொல்லிவிட்டு நிறுத்தினாள். எவ்வளவு நேரம் நிறுத்தினாள் தெரியுமா? அன்றைக்கு நான் "சாப்பிட்டியா" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரம்.

"புரோட்டா சாப்ட்டேம்மா."

நிறுத்தம்.

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். என் வாய் தானாகச் சொன்னது. "கதவுல... தாப்பா இருக்கா?"

"ரெண்டு இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"சேரையும்... இழுத்துப் போட்டுக்கோ கண்ணு."

"போட்டாச்சு, போட்டாச்சு."

சிரித்தாள்.

அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் முடிந்துவிடும். போனை வைத்துவிடுவாள். நான் சுவரில் இரண்டு கையையும் வைத்துக் கத்தினேன்.

"ஷைலா! மொத பஸ் வேண்டாம்! வெளிச்சம் வந்ததும் கெளம்பினாப் போதும்! கேக்குதா?"

அந்தப் பக்கம் அமைதி.

அன்றைக்கு இல்லாத அமைதி.

ஃபேன் நின்றுவிட்டது.

பிறகு சுவருக்கு மிகப் பக்கத்தில், என் காதுக்கு நேராக...

"என்னம்மா? கேக்கல... டவர் இல்ல... அம்மா?"

"ஷைலா!"

"அம்மா?... அம்மா...?"

அவ்வளவுதான்.

சுவரை அடித்தேன். கை வீங்கும் வரைக்கும் அடித்தேன். எதிர் ரூமில் ஒரு குழந்தைகூட எழுந்திருக்கவில்லை.

வெளியே ஓடியிருக்கலாம். கீழே போய் அந்த அம்மாவை எழுப்பியிருக்கலாம். நான் போகவில்லை. பயத்தினால் அல்ல. என் பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது நான் எங்கே போவேன்? ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, சுவரோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். நடுவில் கண் அசந்ததா என்று தெரியவில்லை.

நாலு பத்து.

டொக்.

டொக்.

டொக்.

கதவு தட்டுகிற சத்தம். என் கதவு அல்ல. பத்தாம் நம்பர். வெளியே இருந்து அல்ல.

உள்ளேயிருந்து.

தட்டிவிட்டு நிற்கிறாள். கதவோரம் நிற்கிறாள். எனக்கு அது தெரிகிறது. யாராவது சொல்ல வேண்டும் என்று நிற்கிறாள்.

என் கால் ஜன்னலுக்குப் போனது. நான் போகவில்லை, கால் போனது. போன் டார்ச்சை அடித்துக் கீழே பார்த்தேன். தெருவில் ஆள் இல்லை. நாய் இல்லை.

தெருமுனையில் ஒரு வண்டி நின்றது.

விளக்கு எரியவில்லை. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சம் அதுவரைக்கும் எட்டவில்லை. என்ன வண்டி என்றும் தெரியவில்லை. யாருக்கோ காத்திருந்தது.

சுவர்ப் பக்கம் திரும்பினேன். சொன்னேன்.

"இரு கண்ணு."

...

"இன்னும் போகல. நீ படுத்துக்கோ."

பிறகு, மெதுவாக...

கட்டில் முனகியது.

திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நாலரை வரைக்கும் அந்த வண்டி நின்றது. பிறகு விளக்குப் போடாமலே போய்விட்டது.

விடிந்ததும் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். அந்த முக்காடு போட்ட அம்மா கையில் சாவியோடு பத்தாம் நம்பர் முன்னால் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது.

"தட்டுச்சுங்களா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் பெயர் ஆமினா பீவி. லாட்ஜ் அவர் கணவர் பீர் முகம்மதுவுடையது. முதல் வருஷம் நான் போட்டோ காட்டியபோது இல்லை என்று தலையை ஆட்டியவர் அந்தக் கணவர்தான். அதனால்தான் அந்தப் படத்து முகம் தெரிந்த முகமாக இருந்தது.

"அன்னைக்கு நான் தெரைக்குப் பொறகால நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேனுங்க," என்றார். "சொல்லிப்போடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவுங்க கண்ணுலயே வேண்டாம்னுட்டாங்க. போலீசு, கேசு, லாட்ஜைச் சீல் வெச்சுருவாங்கன்னு பயம். இப்ப அவுங்களும் மவுத்தாயி ஆறு மாசமாச்சு. நீங்க நேத்து படியேறுனதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. அந்தப் புள்ளயோட அதே நெத்தி."

அந்த ராத்திரி பீர் முகம்மது ஒரு கல்யாணத்துக்காக உடுமலைப்பேட்டை போயிருந்தாராம். ஒற்றைப் பெண்ணுக்கு ரூம் கிடையாது என்பது அவர் போட்ட சட்டம். ஷைலா படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். ஆமினா பீவிக்கு மனசு கேட்கவில்லை. எழுதாமல், கணக்கில் வைக்காமல், பத்தாம் நம்பரைத் திறந்துவிட்டு, துணைக்குத் தானும் அந்த வராந்தாவிலேயே பாயை விரித்துப் படுத்தாராம்.

அவள் பொய் சொல்லவில்லை. என் பிள்ளைக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. கட்டில் கிடைத்திருந்தது. வாசலில் காவலுக்கு ஒரு தாயும் படுத்திருந்தார். நான் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். இரண்டு வருஷமாக என் நெஞ்சில் கிடந்த பெஞ்சு அன்றைக்குத்தான் நகர்ந்தது.

"அதுக்கப்பறம் அந்த ரூமுல யாரும் தங்க முடியலீங்க," என்றார். "வெடியறதுக்கு முன்னால உள்ளார இருந்து தட்டுது. தொறந்து விடச் சொல்லுது போலன்னு நானும் தெனமும் வந்து தொறந்து விடறேன். போகவே மாட்டேங்குது."

"போன் பேசற சத்தம் கேக்குமுங்களா?"

"போனா? அதெல்லாம் ஒரு நாளும் கேட்டதில்லீங்களே."

பேசிக்கொண்டே பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். கதவு கொஞ்சம் திறந்து, எதிலோ இடித்து நின்றது. இருவரும் சேர்ந்து தள்ளினோம்.

நாற்காலி.

உள்பக்கம் கதவோடு சேர்த்து, யாரோ இழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த ரூமுக்கு வேறு வழி கிடையாது. ஜன்னலில் கம்பி. கட்டிலில் மெத்தைகூட இல்லை. ஃபேனுக்கு வயரே இல்லை, எப்போதோ கழற்றிவிட்டார்களாம்.

ஆமினா பீவி ஜன்னலைக் காட்டினார். "நேத்துக் காலைல நாந்தான் சேரை சன்னலோரம் போட்டேன். ரெண்டு வருசத்துல ஒரு நாளும் இப்படி இல்லீங்க..."

கீழே டீ கொடுத்தார். டம்ளரை வைத்துக்கொண்டு, ரொம்ப நாளாக உள்ளேயே வைத்திருந்ததைச் சொல்கிற மாதிரி, அவரே சொன்னார்.

"அன்னைக்கு விடியக்காலமும் அப்படித்தான் மூணு தட்டுத் தட்டுச்சு. நான் பாயில அரைத் தூக்கத்துல கெடந்தேன். வெளியில வர்றதுக்குக் கூச்சப்பட்டுக் கேக்குது போலன்னு நெனச்சு, படுத்த வாக்குலயே சொன்னேனுங்க. 'வா கண்ணு, வா'ன்னு. உடனே தொறந்துட்டு, 'போயிட்டு வாரேங்கம்மா'ன்னு சிரிச்சுட்டே போச்சு. அந்த மொகம் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்குதுங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

வா.

வெளியே ஒன்றும் இல்லை, திறக்கலாம்.

நான் அந்த அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. கால் ஒடியத் தேடி அலைந்த என் பிள்ளைக்கு அந்த ஊரில் கதவைத் திறந்த ஒரே மனுஷி. அவரிடம் எப்படிச் சொல்வது? இதுவரை சொல்லவில்லை. இதை அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வால்பாறைக்குத் திரும்பி வந்தேன். ஒரு வாரம் கழித்து ஆமினா பீவி போன் பண்ணினார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க போனதுலருந்து இங்க சத்தமே இல்லீங்க. சேரும் போட்ட எடத்துலயே இருக்குது. புள்ள நிம்மதியாப் போயிருச்சுங்க போல. நேத்து அந்த ரூமுல ஒரு குடும்பம் தங்கிட்டுப் போச்சு."

"சந்தோஷமுங்க," என்றேன்.

அவள் எங்கேயும் போகவில்லை. எனக்குத் தெரியும்.

நான் வீட்டுக்கு வந்த மறுநாள் நாலு பத்துக்கு ஆரம்பித்தது. என் வீட்டுக் கதவு. நான் கட்டிலில் இருக்கிறேன். வீட்டில் வேறு ஆள் இல்லை.

டொக். டொக். டொக்.

உள்ளேயிருந்து.

பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவ காத்திருக்கற வார்த்தையைச் சொல்லி அனுப்பிடும்மா. அவளும் போகணுமில்ல," என்றார். அவர் சொல்வது சரிதான். ஒரே ஒரு எழுத்து. எத்தனை நோயாளிகளுக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், எத்தனை வீட்டாரிடம் "விட்டுடுங்க, போகட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

இன்றைக்குக் காலையிலும் தட்டினாள். எழுந்து ஜன்னலுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். தேயிலை மேல் பனி இறங்கியிருந்தது. வாசலில் ஒன்றும் இல்லை. பாதையிலும் ஒன்றும் இல்லை. எந்த வண்டியும் இல்லை.

கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். தைல வாசனை வந்தது.

"இன்னும் போகல கண்ணு," என்றேன். "நீ படுத்துக்கோ."